சதுப்பு ராஜாவின் குரல்

"என் தம்பி உயிரோட இருக்கானா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க அங்கிள். மத்ததெல்லாம் அப்புறம்."

சிங்கப்பூர் டன்லப் ஸ்ட்ரீட்டில் எங்கள் ஆபீஸுக்கு மாடியேறி வருகிறவர்கள் முதலில் மூச்சு வாங்குவார்கள், அப்புறம் ஃபேன் எங்கே என்று பார்ப்பார்கள், அழுகையெல்லாம் அதற்கப்புறம்தான். ரக்ஷனா மூன்றையும் செய்யவில்லை. பாலிகிளினிக் யூனிஃபார்மோடு நேராக வந்து உட்கார்ந்தாள்.

அவளுக்கு எதிரே இருந்தவர் சேக் தாவூது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் ஆக்ஸிடென்ட்களைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு சொந்தமாகத் துப்பறிய வந்தவர். நான் கண்மணி. அவருக்கு அசிஸ்டென்ட், டிரைவர், தே தாரேக் டீ வாங்கி வருகிற ஆள் எல்லாம் நானே. வாய் கொஞ்சம் நீளம் என்று என் அம்மாவிலிருந்து டிராஃபிக் போலீஸ் வரை எல்லாரும் சொல்லிவிட்டார்கள்.

"எப்பலேருந்து காணோம்?" என்றார் பாய்.

"செவ்வாய்க்கிழமை காலையிலேருந்து. போனை மேஜை மேலயே வச்சுட்டு லேப்டாப்பை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கான். போலீஸ்ல சொல்லியாச்சு, தேடிட்டிருக்கோம்னு சொல்றாங்க. போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ். 'அக்கா, நான் திருடல. அம்மாவப் பாத்துக்க.'"

அம்மாவைப் பாத்துக்க என்று எழுதிவைத்துவிட்டுப் போகிறவன் பிக்னிக்குக்குப் போகவில்லை.

"என்னத்தத் திருடலயாம்?" என்றார் பாய்.

"ஒரு கேமை."

அவள் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் ஜூரோங்கில் ஒரு சின்ன கம்பெனி 'மாங்குரோவ் கிங்' என்று ஒரு கம்ப்யூட்டர் கேம் போட்டது. சதுப்புக் காடு, அதில் படகோட்டிப் போகிற ஒருத்தன், சேற்றுக்கு அடியில் ஒளிந்திருக்கிற ஒரு ராஜ பூதம். அந்தக் காலத்துப் பிள்ளைகள் சோறு தண்ணி மறந்து விளையாடினார்கள். பிறகு கம்பெனி மூடியது. உரிமையை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வாங்கிப் பூட்டி வைத்தது. அது விற்கவும் விற்காது, கேம் இன்றைய கம்ப்யூட்டரில் ஓடவும் ஓடாது. ரசிகர்கள் பொறுத்துப் பார்த்தார்கள். போங்கடா, நாங்களே முதலிலிருந்து எழுதிக்கொள்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். பெயர் 'ஓப்பன் மாங்குரோவ்'. சம்பளம் இல்லை, விலை இல்லை. எழுதுகிற ஒவ்வொரு வரியையும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் இவள் தம்பி நிதீஷ்.

"ஒரே ஒரு விதிதான் அங்கிள். அசல் கேமோட புரோகிராம் கோடை ஒரு தடவ கண்ணால பாத்தவங்ககூட இதுல ஒரு வரி எழுதக்கூடாது. விளையாடிப் பாத்து, அதே மாதிரி நடக்கிற மாதிரி சொந்தமா எழுதணும். சத்தம்கூட சொந்தம். கத்திச் சத்தத்துக்கு, தேக்கா மார்க்கெட்ல ஆட்டுக்கறி வெட்டுறதப் போய் ரெக்கார்டு பண்ணினான். பாய்மரத்துக்கு என்னை அம்மா சேலைய உதறச் சொன்னான்."

"கோட்டைக் கதவுக்கு?" என்றேன்.

"எங்க வீட்டு இரும்பு கேட். திரும்பத் திரும்ப அறைஞ்சு, பக்கத்து வீட்டு ஆன்ட்டி டவுன் கவுன்சிலுக்கே போன் பண்ணிட்டாங்க." சிரிக்கப் பார்த்தாள். பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது.

போன வாரம் அந்த வெளிநாட்டுக் கம்பெனி, எல்லாரும் பார்க்கும்படி இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறது. இடது பக்கம் அவர்கள் பூட்டி வைத்திருக்கிற அசல் கோடு. வலது பக்கம் நிதீஷின் பெயரில் இருக்கிற கோடு. வரிக்கு வரி இரண்டும் ஒன்றே. இன்று சாயந்தரத்துக்குள் விளக்கம் வராவிட்டால் திருட்டென்று போலீஸில் பெயரைக் கொடுத்துவிடுவார்களாம். வேலை பார்க்கிற இடத்திலும் அவனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

"அவன் கூட வேலை செஞ்சவங்களே திருடன் திருடன்னு எழுதுறாங்க. தூங்காம கொள்ளாம செஞ்சான் அங்கிள் அத."

பாய் அந்தப் படங்கள் இருந்த அவள் ஐபேடை இழுத்து ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இது என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. அதான் பிரச்சினையே. சாயந்தரம் ஏழு மணியானா ஆட்டம் தானா நின்னு, விட்ட இடத்தச் சேமிச்சுக்கிட்டு, கொஞ்ச நேரம் காத்திருக்கணும்னு எழுதியிருக்கு. ஆனா ரெண்டுலயுமே அத அணைச்சு வச்சிருக்கு. விளையாடுற யாருக்கும் அது தெரியவே தெரியாது. அசலப் பாக்காம இத எப்படி எழுதினேன்னு கேக்குறாங்க. எனக்கே பதில் தெரியல."

"ஏழு மணி," என்று முணுமுணுத்தார் பாய். அவர் ஒரு விஷயத்தை இரண்டு தடவை முணுமுணுத்தால் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பிக்கலாம். ஒரு தடவைதான் முணுமுணுத்தார்.

"அவன் உயிரோட இருக்கான்னு நான் நம்புறதுக்கு ஒரே காரணம் இதுதான்," என்று ரக்ஷனா இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். "இன்னைக்குக் காலையில அவன் பேர்ல ஒரு சத்தம் வந்திருக்கு. ராஜாவோட உறுமல். ரொம்ப நாளா அவன் தேடிட்டிருந்தது. இன்னும் உள்ள சேரல. யார் அனுப்பினாலும் அவன் ஓகே சொன்னாத்தான் சேரும். அவன் பேர்ல வந்ததையே ரெண்டாவது தடவ பாத்துட்டுத்தான் சேர்ப்பான். நொட்டை சொல்லாம எதையும் விட மாட்டான்."

அழுத்தினாள். ஆபீஸ் முழுக்க ஒரு சத்தம் உருண்டது. அடித்தொண்டையிலிருந்து, கனமாக, ஈரமாக. எனக்கு முதுகு சிலிர்த்தது. சிலிர்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

"யம்மா! தவளைய முழுங்கின மாடு மாதிரி கத்துது."

பாய் நிமிர்ந்தார். "என்ன சொன்ன?"

"சும்மா சொன்னேன் பாய்."

"சும்மா சொல்றப்பதான் நீ உருப்படியா சொல்ற. கேளு, ஒண்ணு கத்தினதும் பல குரல் பதில் சொல்லுது. பெரிய தவளைங்க. பின்னாடி ஒரு தண்ணிப் பம்ப் ஓடுது. காட்டுக் குளத்துக்கு யாரு பம்ப் வைப்பா?"

"தவளைப் பண்ணை! நான் போயிருக்கேன் பாய், எங்க அக்கா பிள்ளைங்களக் கூட்டிட்டு. கிராஞ்சியில!"

ரக்ஷனா அதற்குள் மாடிப்படியில் இருந்தாள்.

எங்கள் வேனில் ஏர்கான் வேலை செய்யாது, ஹார்ன் மட்டும் அருமையாக வேலை செய்யும். அதை நம்பித்தான் ஓட்டினேன். கிராஞ்சிக்குள் திரும்பியதும் பாதை குறுகியது. டார்மிட்டரிக்குப் போகிற லாரி ஒன்று முன்னால் ஆமையாக நகர, பின்னால் உட்கார்ந்திருந்த தொழிலாளிகள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டி லாரி டிரைவரை ஓரம் போகச் சொன்னார்கள். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

"பாய், உண்மைய சொல்லுங்க. பையன் திருடினானா?" என்று மெதுவாகக் கேட்டேன். பின்சீட்டில் ரக்ஷனா அந்த உறுமலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தினம் ஏழு மணிக்கு ஆட்டத்த நிறுத்து, கொஞ்ச நேரம் பொறு. நீ எதுக்கு அப்படி எழுதுவ?"

"சீரியல் பாக்க."

"நான் மஃரிப் தொழ. அந்தி நேரத் தொழுகை." அவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். "லண்டன்ல இருக்கிறவன் இப்படி எழுத மாட்டான். அங்க சூரியன் கோடையில ஒரு நேரம், குளிர்ல ஒரு நேரம் அடையும். நம்ம ஊர்லதான் வருஷம் பூரா மஃரிப் ஏழு மணிய ஒட்டியே வரும். அத எழுதினவங்க சிங்கப்பூர்க்காரங்க, வேளை தவறாம தொழுறவங்க. நிதீஷ் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிற பையன்னு அவன் அக்கா சொல்லுச்சு. அவன் கை எழுதின வரி இல்ல இது."

"அப்ப யாரு?"

"அந்த உறுமலும் அவன் பேர்லதானே வந்துச்சு. அவங்ககிட்டதான் போறோம்னு நினைக்கிறேன்."

தவளைப் பண்ணையில் ரப்பர் பூட்ஸ் போட்ட முதலாளி, ஒரு சீனத் தவ்க்கே, எங்களை மேலும் கீழும் பார்த்தார். இந்தியப் பையன் யாரும் இங்கே வரவில்லை, வேலைக்கும் இல்லை, தவளை வேண்டுமானால் கிலோ கணக்கில் தருகிறேன் லா, என்றார். ரக்ஷனா தொட்டி தொட்டியாக ஓடி "நிதீஷ்! நிதீஷ்!" என்று கத்தினாள். பதிலுக்குத் தவளைகள்தான் கத்தின. ஆபீஸில் கேட்ட அதே உறுமல். அவள் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாயை எனக்கு அடிக்கலாம் போல இருந்தது. அந்தப் பெண் அழுகிறாள், இந்த மனுஷன் வேலியோரமாக நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"இங்க பம்ப் சத்தமே இல்ல. அது வேலிக்கு அந்தப் பக்கம் ஓடுது," என்றார். "அதுவுமில்லாம, வேளை தவறாம தொழுறவங்க, எங்களுக்கு ஆகாத தவளைய விக்க மாட்டாங்க. பக்கத்துல பாப்போம் வா."

பக்கத்தில் ஒரு நர்சரி. போகன்வில்லாவும் மல்லிகைத் தொட்டிகளும் வரிசையாக இருந்தன. ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், தலையில் பூப்போட்ட துடோங் முக்காடு, காலில் சேறு. அவருக்குப் பின்னால் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. பம்ப்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் ஒரு போன்.

பாய் சலாம் சொன்னார். பிறகு சொந்த அக்காவிடம் கேட்பது போல, சுற்றி வளைக்காமல் கேட்டார். "ஏழு மணிக்கு ஆட்டத்த ஏன் ராத்தா நிறுத்தினீங்க?"

ஹோஸ் பைப் அவர் கையிலிருந்து விழுந்தது. தண்ணீர் என் செருப்பை நனைத்தது.

"ரெண்டு தடவ மஃரிப் தவறிப்போச்சு," என்றார் அந்தப் பெண்மணி. "அப்ப எனக்குச் சின்ன வயசு. ஜூரோங் ஆபீஸ்ல உக்காந்து, நான் எழுதின கேமை நானே சோதிச்சுப் பாப்பேன். பாக்கப் பாக்க நேரம் போறதே தெரியாது. அதான் அதுவே நின்னுடற மாதிரி எழுதினேன். இதெல்லாம் கஸ்டமருக்கு எதுக்குன்னு முதலாளி திட்டினார். அழிக்க மனசு வரல. அணைச்சு மட்டும் வச்சேன்."

"நீங்க…" எனக்கு வாய் குழறியது. "மாங்குரோவ் கிங்க எழுதினதே நீங்களா?"

"ஜைனப். என் பேரு எங்கயும் போடல. கம்பெனி பேருதான் இருக்கும்."

ரக்ஷனா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, நிதீஷ் எங்க? உள்ள இருக்கானா? இன்னைக்குக் காலையில அந்த உறுமல அனுப்பினானே, இங்கேருந்துதானே? ப்ளீஸ் ஆன்ட்டி, கோபப்பட மாட்டேன்னு சொல்லுங்க அவன்கிட்ட."

ஜைனப் அக்காவின் முகம் வெளுத்துப்போனது.

"அனுப்பினது நான்மா," என்றார். "அவன் இல்ல."

அந்த இடத்தில் என்ன நடந்தது என்று எழுதவே எனக்குக் கை வரவில்லை. காலையிலிருந்து ரக்ஷனா பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஓர் உறுமலைத்தான். அவன் அனுப்பியிருக்கிறான், அதனால் அவன் இருக்கிறான். இப்போது அதுவும் போனது. அவள் கத்தவில்லை. "அப்ப அவன்… அப்ப என் தம்பி…" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு வந்ததே கோபம்! "என்னக்கா இது? அடுத்தவன் பேர்ல எழுதி அவனத் திருடனாக்கிட்டு, நீங்க பாட்டுக்குப் பூச்செடிக்குத் தண்ணி ஊத்துறீங்க?"

"கண்மணி," என்றார் பாய்.

"இருங்க பாய்! இவங்க சொல்லட்டும்!"

ஜைனப் அக்கா சொன்னார். போன வருஷம் இந்தக் கூட்டத்தைத் தற்செயலாகக் கண்டுபிடித்திருக்கிறார். தான் எழுதிய காடு, தன் படகு, தன் ராஜா, எல்லாம் மறுபடி அசைவதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. அசலைப் பார்த்தவர்கள் எழுதக்கூடாது என்ற விதி தெரியும். எழுதியவர் பார்த்தவராக மாட்டாரா என்ன? ஆனால் தன்னிடம்தான் அசல் கோடு ஒரு வரிகூட இல்லையே, நினைவிலிருந்துதானே எழுதுகிறோம், அது எப்படிக் காப்பியாகும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டார். செடி விற்கிற ஓர் ஆன்ட்டி என்று மட்டும் நிதீஷிடம் சொன்னார். பெயர் வெளியே வர வேண்டாம் என்றார். அவனும் பாவம், உங்களுக்குக் கூச்சமா இருந்தா என் பேர்லயே அனுப்புங்க ஆன்ட்டி என்று வழி செய்து கொடுத்தான். இவர் கை என்ன செய்தது தெரியுமா? அன்று எழுதியதையே அச்சு அசலாக மறுபடி எழுதியது. அந்த ஏழு மணியையும் எழுதி, பழக்கதோஷத்தில் அதை அணைத்தும் வைத்தது.

"கம்பெனி அந்தப் படத்தப் போட்ட அன்னைக்கு, 'ஆன்ட்டி, நீங்க அசலப் பாத்திருக்கீங்களா?'ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டான். நான் பதில் சொல்லல. வேலைய விட்டப்ப கையெழுத்து வாங்கியிருந்தாங்க, எதையும் வெளிய சொல்ல மாட்டேன்னு. கோர்ட்டுக்கு இழுத்தா இந்த நர்சரி போயிடும்னு பயந்துட்டேன். அவன் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். ஒரு ஆன்ட்டி அனுப்பினதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பான். சொல்லல. அப்புறம் ஆளே இல்ல. காலையில தவளை கத்துச்சு. இத அனுப்பினாலாவது வாயத் திறப்பான்னுதான்…" அவர் துடோங் நுனியால் முகத்தை மூடிக்கொண்டார்.

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது ரக்ஷனா மட்டுமல்ல.

பாய் போனை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "அவன் எங்க இருக்கான்னு நமக்குத் தெரியாது. ஆனா எதைப் பாத்துட்டு உக்காந்திருப்பான்னு தெரியும். போனை விட்டுட்டு லேப்டாப்ப எடுத்துட்டுப் போனவன். ராத்தா, நீங்க எழுதினத நீங்களே எடுக்கணும். உங்க சொந்தப் பேர்ல. ஏன் எடுக்கிறீங்கன்னு எல்லாரும் பாக்கிற மாதிரி எழுதணும். இத எழுதச் சொல்லி நான் உங்களக் கட்டாயப்படுத்த முடியாது. நர்சரி உங்களோடது."

ஜைனப் அக்கா செடிகளைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்திருந்த ரக்ஷனாவைப் பார்த்தார். ஆபீஸ் அறைக்குள் போய் லேப்டாப்பை எடுத்து வந்து, சேற்றுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

தன் பெயரில் உள்ளே நுழைந்தார். தான் எழுதிய பகுதிகளை ஒவ்வொன்றாகத் தேடி அழித்தார். படகு மிதக்கிற பகுதி, ராஜா விழிக்கிற பகுதி, கடைசியாக அந்த ஏழு மணி. அதில் மட்டும் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு அதுவும் போனது. கீழே ஆங்கிலத்தில் அவர் எழுதியதன் சாரம் இதுதான்: "இவற்றை எழுதியது நிதீஷ் அல்ல. அசல் மாங்குரோவ் கிங்கை எழுதிய ஜைனப் ஆகிய நான். நினைவிலிருந்து எழுதினேன். விதியை மீறியது நான். அவனுக்குத் தெரியாது. எடுத்துவிடுகிறேன். நிதீஷ், மன்னித்துவிடு." அதையே கம்பெனிக்கும் அனுப்பினார்.

திரையில் 'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்று வந்தது. ஒப்புதல் தர வேண்டியவன் ஒருத்தன்தான்.

காத்திருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. தவளைகள் வேலிக்கு அந்தப் பக்கம் கத்தித் தீர்த்தன. ரக்ஷனா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. வந்திருந்தால் என் வாயிலேயே ஒன்று போட்டிருப்பேன். பிள்ளையாரப்பா, அந்தப் பையன் எங்கேயாவது உட்கார்ந்து இதைப் பார்க்கட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். பாய் உதடு அசைத்துக்கொண்டிருந்தார், அவரும் அதையேதான் கேட்டிருப்பார்.

மழை விட்டது. இன்னும் ஒன்றும் வரவில்லை. ரக்ஷனா மெதுவாக எழுந்தாள். "அம்மாகிட்ட நான் என்ன சொல்லுவேன்?" என்றாள்.

லேப்டாப் 'டிங்' என்றது.

ஒப்புதல் கிடைத்தது. கீழே நிதீஷ் என்ற பெயர்.

இன்னொரு 'டிங்'. இந்தத் தடவை காலையில் அனுப்பிய உறுமலுக்கு. 'திருப்பி அனுப்பப்பட்டது' என்றிருந்தது. அதன் கீழே அவன் எழுதியிருந்ததை ரக்ஷனா சத்தம் போட்டுப் படித்தாள்.

"உறுமல் சூப்பர் ஆன்ட்டி. ஆனா பின்னாடி பம்ப் சத்தம் கேக்குது. பம்ப்ப ஆஃப் பண்ணிட்டு மறுபடி எடுங்க."

"நொட்டை! நொட்டை சொல்றான் பாருங்க!" ரக்ஷனா சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. லேப்டாப்பைப் பிடுங்கி, உலகமே பார்க்கிற அந்தப் பக்கத்தில், பளிச்சென்று தமிழில் அடித்தாள். "எருமை, எங்கடா இருக்க? நான் அக்கா."

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "டோபி காட். ரயில் ஸ்டேஷன் மேல இருக்கிற புல்வெளி. பசிக்குதுக்கா."

நான் வண்டிச் சாவியை எடுத்தேன். பாய் எழுந்து, ஜைனப் அக்காவிடம் தன் கார்டைக் கொடுத்தார். கோர்ட்டு கீர்ட்டு என்று யாராவது வந்தால் முதலில் எனக்குப் போன் பண்ணுங்க, எனக்கு நல்ல வக்கீல் தெரியும் என்றார்.

"இனிமே நான் அதுல ஒரு வரி எழுத முடியாதுல்ல?" என்று கேட்டார் அவர்.

"கோடு எழுதத்தான் தடை ராத்தா. தவளை யாருக்கும் சொந்தமில்ல."

வேனில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். ஜைனப் அக்கா போனை வேலியோரம் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பம்ப்பை நிறுத்திக்கொண்டிருந்தார்.